குமிழிக்குள் ஒரு ‘நீ’

சின்னவனின் புத்தகம் அச்சாகி வந்த நாளிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை என்பதைப் போன வாரமே பார்த்தோம். பக்கத்து வீட்டு டீச்சர், மருந்துக் கடைக்காரர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை.

“என் பையன் ஜப்பான் பாஷையிலேருந்து மொழிபெயர்த்திருக்கான். மூணு பாகம். அட்டையிலேயே பேர் போட்டிருக்கு” என்று சொல்லி, கைப்பையிலிருந்து முதல் பாகத்தை எடுத்துக் காட்டிவிட்டுத்தான் ஓய்வாள்.

அதே மூன்று பாகங்கள் இப்போது மாடியறை மேஜையில் சின்னவனின் அக்கா பெரியவளின் முன்னால் கிடந்தன. வியாழக்கிழமை காலை. மாலை ஐந்து மணிக்குள் அவள் அதற்கு விமர்சனம் எழுதி அனுப்பியாக வேண்டும்.

பெரியவள் பகலில் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் தொழில். அது போக, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ‘கண்ணாடிக்காரி’ என்ற பெயரில் ஜப்பானியப் படக்கதைகளுக்கு விமர்சனம் எழுதுகிறாள். அதுவும் வளர்ந்தவர்கள் படிப்பதற்கென்றே வரும் தொடர்களுக்கு மட்டும். வேலை போனவன், மறுபடி தனியாக வாழக் கற்றுக்கொள்கிறவள், படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகன் என்று நம் வீட்டுக்குள் நடப்பதையெல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருக்கிற கதைகள் அவை.

அந்தப் படக்கதைக்கு மங்கா என்று பேர். முதன்முதலில் கேட்டபோது அம்மா, “மாங்காய்க்கு என்னடி விமர்சனம்? புளிக்குது, புளிக்கல. ரெண்டு வார்த்தையில முடிஞ்சுபோச்சு” என்றாள்.

“அது மாங்கா இல்லம்மா. பெரியவங்களுக்கான படக்கதை” என்று பெரியவள் விளக்கப் போக, அது இன்னும் வினையாகிவிட்டது. அம்மா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “இதை வெளியில சொல்லித் தொலைக்காதே” என்றாள். அன்றிலிருந்து அக்கம்பக்கத்தைப் பொறுத்தவரை பெரியவள் பத்திரிகையில் எழுதுவது சமையல் குறிப்பு.

சின்னவனின் புத்தகம் வந்ததும் நிலைமை கொஞ்சம் மாறியது. மங்கா என்ற சொல்லை அம்மாவே சரளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் கண்ணாடிக்காரி யார் என்பது மட்டும் வீட்டோடு நின்றது.

பத்திரிகை ஆசிரியர் இந்தத் தொடரை அனுப்பியபோது பெரியவள் மறுத்துப் பார்த்தாள். “சார், மொழிபெயர்த்தது என் தம்பி. நான் எழுதினா நல்லா இருக்காது.”

“முதல் வரியிலேயே அதைச் சொல்லிடுங்க. சொல்லிட்டு மனசுல பட்டதை எழுதுங்க. உங்களால முடியலேன்னா விட்டுடுங்க, அந்த இடத்துல விளம்பரம் போட்டுக்கறேன்” என்றார் ஆசிரியர்.

விளம்பரம் என்ற சொல்தான் அவளைச் சுட்டது. சரி என்று சொல்லிவிட்டாள்.

தொடரின் பெயர் ‘பின்சக்கரம்’. லாரி ஓட்டுகிற ஒருவனுக்குக் கண்பார்வை மங்குகிறது. உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிடுகிறார்கள். அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வாய் வராமல், தினமும் காலையில் வேலைக்குப் போவதுபோல் கிளம்பிப் போய், ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கும் லாரிக்குள் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறான். மூன்றாம் பாகத்தில் ஒரு மழை நாளில் அவள் அவனைக் கண்டுபிடித்துவிடுகிறாள்.

பெரியவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் முதல் தடவை வார்த்தையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போவாள். யார் எங்கே நிற்கிறார்கள், இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு இடம், கை எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அது முடிந்த பிறகுதான் பேச்சுக் குமிழிகளுக்குள் நுழைவாள்.

மூன்றாம் பாகத்தின் அந்த மழைக் காட்சியில்தான் அவள் இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தாள்.

ஆறு பக்கத்துக்குப் பேச்சே இல்லை. லாரிக்காரனின் பெண்டாட்டி லாரிக் கதவைத் திறக்கிறாள். ஏறுகிறாள். ஈரச் செருப்பைக் கழற்றி எறிகிறாள். காலை மடக்கி சீட்டில் வைத்து, அவன் தோளில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள். அதுவரை வந்த இரண்டரைப் பாகங்களில் அவள் கணவன் முன்னால் அப்படி உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் ஒரு கை தள்ளித்தான் இருப்பாள். இப்போது அந்த இடைவெளி இல்லை. அதற்குப் பிறகு ஒரே ஒரு சின்னக் குமிழி.

“சாப்பிட்டீங்களா?”

அந்த இடத்தில் ஏதோ தட்டியது. பல்லில் கல் கடிபட்ட மாதிரி.

“எழுதிட்டியா?” அம்மா மாடிக்கே வந்துவிட்டாள்.

“இல்லம்மா.”

“இதுக்கு என்ன யோசனை? நல்லா இருக்குன்னு எழுது. நாலு நல்ல வார்த்தை எழுதினா உன் பேனா தேஞ்சா போயிடும்?”

“நீ படிச்சியா?”

“ஆரம்பிச்சேன். முதல் பக்கத்திலேயே, ‘நில்லுங்கள், தப்பான பக்கத்திலிருந்து படிக்கிறீர்கள்’னு போட்டிருக்கு. காசு குடுத்து வாங்கின புத்தகம் என்னையே திட்டுது.”

“அது வலது பக்கத்திலேருந்து படிக்கணும்மா. காட்டினேனே.”

“காட்டினே, காட்டினே. உங்கப்பா மூணையும் முடிச்சுட்டார். என்னங்க எப்படி இருக்குன்னு கேட்டா, டயரை ஒழுங்கா வரைஞ்சிருக்கான்னு சொல்றார்.” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாரு. சாயங்காலம் புத்தகக் கடையில விழா. அங்க வச்சுத்தான் பதிப்பாளர் அம்மா அடுத்த தொடருக்குக் கையெழுத்துப் போடறாங்க. உன் தம்பி இருந்த வேலையை விட்டுட்டு இதை நம்பி நிக்கறான். நீ பாட்டுக்கு ஏதாவது எழுதி வைக்காதே.”

பெரியவள் மூன்றாம் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் தண்ணீரைத் துப்பிக்கொண்டு சுற்றியது. ஒரு ஜோடியை முடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்து, லென்ஸில் கீறல் பார்க்கும் விளக்கின் கீழே அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் குமிழியில் இருந்த எழுத்து மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பொடி. சின்னக் குமிழிக்குள் கூட்ட நேரத்து பஸ் மாதிரி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இந்த இடத்துக்கென்று தைத்த சட்டை இல்லை இது. யாரோ பிறகு மாட்டிவிட்டது.

சின்னவனுக்குப் போன் போட்டாள்.

“மூணாம் பாகத்துல அந்த லாரி சீன். அவ அவன்கிட்ட என்னடா கேக்கறா?”

அவன், “அங்கேயே இரு, வரேன்” என்றான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டான். விழாவுக்கென்று காலையிலேயே சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டிருந்தான். பின்னறையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டான்.

“படம் ஒண்ணு சொல்லுது, வார்த்தை ஒண்ணு சொல்லுது. எழுத்து வேற அளவுல இருக்கு. நீ என்ன எழுதினே?”

“சாப்பிட்டியா.”

அவ்வளவு பொய்க்கும் பிறகு, அவ்வளவு மழையில், அந்தப் பெண் கேட்கிற கேள்வி அதுதான். ஏன் மறைத்தாய் என்றில்லை, எத்தனை நாளாக என்றில்லை. சாப்பிட்டியா.

“ஜப்பான் மொழியிலயும் அதேதானா?”

“அதேதான்க்கா. ஆரம்பத்துலேருந்து அவ மரியாதை வச்சுத்தான் பேசுவா. அந்த ஒரு இடத்துல மட்டும் அது கழண்டுடும். அந்தச் செருப்பு மாதிரி. நான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தத் தொடரையே எடுத்தேன். கடைசியா நான் பார்த்துக் குடுத்த ப்ரூஃப்லகூட ‘சாப்பிட்டியா’தான் இருந்தது. அச்சாகி வந்தப்புறம் பார்த்தா இப்படி.”

“கேக்கலையா?”

“கேட்டேன். புருஷனை நீ வா போன்னு பேசற பொம்பளையை வாசகிங்க மன்னிக்க மாட்டாங்க, முன்னாடி வேற புத்தகத்துக்கு வீடு தேடி வந்து சண்டை போட்டாங்கன்னு பதிப்பாளர் சொன்னாங்க. அவங்களும் பயந்துதான் செஞ்சிருக்காங்க. நான் வாயை மூடிக்கிட்டேன்.” அவன் அவள் முகத்தைப் பார்த்தான். “நீ எழுதப் போறியா?”

“வேற என்ன பண்ண?”

“எழுதினா, மொழிபெயர்த்தவன் கோட்டை விட்டுட்டான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் இல்ல, அவங்கதான்னு நான் சொன்னா அடுத்த தொடர் காலி. ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடி.”

“நீ சொன்னதை நான் எழுத மாட்டேன்டா. நான் பார்த்ததை மட்டும் எழுதுவேன்.”

“அந்தப் பத்தியை மட்டும் விட்டுடுக்கா. மத்ததுல என்னை எவ்வளவு வேணா கிழி. யாருக்கும் தெரியாத ஒண்ணை நீ ஏன் போய் நோண்டறே?”

“எனக்குத் தெரியுதே.”

அவன் கோபமாக எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சட்டையில் தெறித்திருந்த லென்ஸ் பொடியைத் தட்டிவிட்டுக்கொண்டு, “சாயங்காலமாவது வருவியா?” என்று மட்டும் கேட்டான். வருவேன் என்றாள். போய்விட்டான்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, கீழே கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சை எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவர். மாடிக்குப் போகாமல் சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்துகொண்டு பெரியவள் உட்கார்ந்தாள்.

முதல் வரி சுலபமாக வந்தது. ‘இந்தத் தொடரை மொழிபெயர்த்தவர் என் உடன்பிறந்த தம்பி. அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.’

அடுத்துப் பாராட்டு. அதுவும் தானாக வந்தது. ஜப்பானியர் சத்தத்துக்கெல்லாம் ஒரு சொல் வைத்திருப்பார்கள். அதை நம் மொழிக்குக் கொண்டுவருவதில் பலபேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். சின்னவன் விழவில்லை. லாரியின் தகரக் கூரையில் விழும் மழை ‘படபட’, மூட்டையை மூடிய தார்ப்பாயில் விழும் அதே மழை ‘பொதபொத’, கண்ணாடியைத் துடைக்கும் கம்பி ‘க்ரீச்’ என்று போய் ‘க்ரூச்’ என்று திரும்பி வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடியுமென்றால் இந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று எழுதினாள். முதல் பாகத்தில் கிடங்குக்காரர் மட்டும் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறார் என்று ஒரு குட்டும் வைத்தாள்.

அதற்குப் பிறகு விரல் நகரவில்லை.

அம்மா டீயோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பெரியவள் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, நடந்ததைச் சொன்னாள்.

“சாப்பிட்டியாவா? கட்டின புருஷனையா?” அம்மா முகத்தைச் சுளித்தாள். “அந்தப் பதிப்பாளர் அம்மா செஞ்சதுல என்ன தப்பு? இத்தனை வருஷத்துல நான் உங்கப்பாவை ஒரு தடவை அப்படிச் சொல்லியிருப்பேனா?”

“சொல்லியிருக்கே” என்றார் அப்பா நாற்காலியிலிருந்து.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்னங்க உளர்றீங்க?”

“டிப்போல ஜாக்கி நழுவி என் கை நசுங்கிச்சே. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறக்கறேன். நீ மேல குனிஞ்சுக்கிட்டு, ‘ரொம்ப வலிக்குதாடா’ன்னு கேட்டே.”

“பொய். மருந்து வேகத்துல உங்களுக்கு என்னவோ கேட்டிருக்கும்.”

“நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தா.”

அம்மாவின் முகம் காது மடல் வரை சிவந்துவிட்டது. டீ டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். “அப்போ என் உயிர் என்கிட்டயே இல்ல. என்ன சொன்னேன்னு யார் கண்டா?”

“அதைத்தான் சொல்றேன். அந்தப் பொம்பளையும் அந்த மாதிரி நேரத்துலதானே கேக்கறா.” அப்பா கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கு அது பிடிச்சிருந்தது. மறுபடி ஒரு தடவை சொல்லுவியான்னு ரொம்ப நாள் பார்த்தேன்.”

பெரியவள் மடிக்கணினித் திரையையே பார்த்தாள். பெற்றவர்கள் இருவரையும் அந்த நேரத்தில் நேராகப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அம்மாதான் முதலில் தேறினாள். “சரி, அந்தப் பொம்பளை கேட்டது சரியாவே இருக்கட்டும். என் புள்ள கதி? எழுதினா அந்தம்மா கையெழுத்துப் போடுவாங்களா?”

“தெரியாதும்மா. ஆனா மத்தவங்க புத்தகத்துல இருந்தா எழுதியிருப்பேன். இவன் புத்தகங்கறதால விட்டேன்னு வை, அந்தப் படபடவையும் பொதபொதவையும் நான் பாராட்டினேனே, அதை யார் நம்புவா? தம்பிக்கு அக்கா போட்ட ஓட்டுன்னு போயிடும். அவன் நிஜமாவே நல்லாப் பண்ணியிருக்கான்மா. அதை நாலு பேர் நம்பணும்.”

அம்மா டம்ளரை மேஜையில் வைத்தாள். “எழுது. ஆனா நம்ம வீட்டுக் கதை அதுல ஒரு எழுத்து வரக்கூடாது.”

பெரியவள் எழுதினாள். அடித்து அடித்து எழுதிய அந்தப் பத்தி கடைசியில் இப்படி நின்றது:

‘மூன்றாம் பாகத்தின் மழைக் காட்சியில் படம் ஒருமையில் பேசுகிறது, குமிழி பன்மையில் பேசுகிறது. செருப்பைக் கழற்றி, காலை மடக்கி, கணவனின் தோளில் முழங்கையை ஊன்றிய ஒருத்தியின் வாயில், விருந்தாளியிடம் கேட்பது போன்ற ஒரு கேள்வி வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளே அந்தக் குமிழிக்குள் மூச்சுமுட்டி நிற்கின்றன. இது யாருடைய கை என்பதை நான் எழுதப் போவதில்லை. புத்தகம் ஒன்றுதான், அதில் பெயர் போட்டிருக்கும் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த பதிப்பில் அந்தப் பெண்ணுக்கு அவள் வார்த்தையைத் திருப்பிக் கொடுங்கள்.’

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் அனுப்பிவிட்டு முகம் கழுவப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வரை சின்னவனுக்கு இது தெரியப் போவதில்லை.

புத்தகக் கடையின் மேல்தளத்தில் அலமாரிகளை ஓரமாக நகர்த்தி நாற்காலி போட்டு, எதிரே ஒரு திரையும் கட்டியிருந்தார்கள். அம்மா தலை எண்ணிக்கொண்டே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். வந்தவர்களில் ஒரு குழந்தைகூட இல்லை. சீருடையோடு வந்த ஒரு நர்ஸ், பஸ் ஓட்டுநர் ஒருவர், பேங்கில் வேலை பார்ப்பவர்கள் போலிருந்த இரண்டு பேர், வேலை முடிந்து நேராக வந்த களைப்போடு நிறைய முகங்கள். “எல்லாம் பெரியவங்களாவே வந்திருக்காங்க” என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள். அந்தச் சொல்லை அவள் இப்போது பெருமையாகச் சொன்னாள்.

பதிப்பாளர் குட்டை முடி வெட்டிய, நிமிர்ந்து நடக்கிற அம்மாள். வரவேற்றுப் பேசிவிட்டு, “இப்போ மொழிபெயர்ப்பாளர் ஒரு பகுதியை வாசிப்பார்” என்று உட்கார்ந்தார். எந்தப் பகுதி என்பதை அவரேதான் முடிவு செய்திருந்தார். முதல் பாகத்தில் வரும் சிரிப்புக் காட்சி.

சின்னவன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தான். புத்தகத்தைப் புரட்டினான். முதல் பாகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு மூன்றாம் பாகத்தை எடுத்தான்.

“ஒரு சின்ன மாற்றம். நான் வேற இடத்தைக் காட்டறேன்” என்றான்.

மடிக்கணினியில் அதன் பக்கங்களைத் திறந்ததும் திரையில் மழை வந்தது. லாரி வந்தது. அவன் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினான். படபட, பொதபொத என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. செருப்பு விழுந்தது. முழங்கை தோளில் ஊன்றியது. கடைசிக் கட்டம் வந்ததும் சின்னவன் திரையைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்.

“சாப்பிட்டியா?”

நர்ஸ் சட்டென்று கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவன் மதியம் என்னிடம் கெஞ்சியவன்தானா? நான் என்ன எழுதினேன் என்று இவனுக்குத் தெரியாதே. அடி இரண்டு பக்கமும் எனக்குத்தான் என்று சொன்னவன், இரண்டு அடியையும் தானே போய் வாங்கிக்கொள்கிறானே!

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். “சார், இங்க ‘சாப்பிட்டீங்களா’ன்னு இருக்கே? திரையிலயும் அப்படித்தான் இருக்கு.”

“ஆமாங்க. இருக்கு.” சின்னவன் பதிப்பாளர் பக்கம் திரும்பவில்லை. “ஆனா அவ கேட்டது ‘சாப்பிட்டியா’தான். கோபத்துல இல்ல. மரியாதை குறைஞ்சு இல்ல. அவ்வளவு நாள் ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தது அந்த நிமிஷம் இல்லாம போயிடுது, அதனால. அதை மாத்தினப்போ நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் பங்கு. அதான் இங்க சொல்றேன்.”

யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் கைப்பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். மடியில் புத்தகத்தை விரித்து, குமிழிக்குள் இருந்ததை அடித்து, பக்கத்தில் எழுதினாள். அவளுக்கு அடுத்திருந்தவர், “முடிச்சிட்டுக் குடுங்க” என்று கையை நீட்டினார். பேனா ஒரு வரிசை தாண்டியது. இன்னொரு பேனா வேறு வரிசையில் கிளம்பியது. கொஞ்ச நேரத்துக்கு அந்த மாடியில் தாள் புரளும் சத்தமும் பேனா கீறும் சத்தமும்தான். பஸ் ஓட்டுநர் பெரிய எழுத்தில் கட்டத்துக்கு வெளியே போகும்படி எழுதினார். அம்மா யாரிடமோ பேனா வாங்கி, அப்பாவின் முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது. வந்தது நிற்கவில்லை. அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம், “என் பையன்” என்றாள். அவர் கேட்டும் கேட்காததுபோல் தட்டிக்கொண்டே இருந்ததால், “நான் பெத்த பையன்” என்று திருத்திச் சொன்னாள்.

கூட்டம் கலைந்து சின்னவனிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்க வரிசை கட்டியபோது பதிப்பாளர் நேராகப் பெரியவளிடம் வந்தார். மூன்றாம் பாகம் அவர் கையில் இருந்தது.

“கண்ணாடிக்காரி நீங்கதானே? தம்பி சொல்லல. உங்க ஆசிரியர்தான் அக்கா தம்பின்னு சொன்னார்.”

“ஆமாங்க.”

“உங்க விமர்சனத்துல இது வருதா?”

“வருது.”

“தம்பி சொல்லிக் குடுத்தாரா?”

“எழுதாதேன்னுதான் சொன்னான். குமிழியைப் பார்த்தேன். எழுத்து பொடியா, நெருக்கிக்கிட்டு இருந்தது.”

பதிப்பாளர் அந்தப் பக்கத்தைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இவருக்குப் படிக்கும் கண்ணாடி மாற்றிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும் என்று பெரியவளின் தொழில் புத்தி தானாகக் கணக்குப் போட்டது. ஆனால் அவர் அவ்வளவு நேரம் பார்த்தது எழுத்து தெரியாததால் அல்ல என்பதும் புரிந்தது.

“அடுத்த தொடருக்கு இன்னிக்குக் கையெழுத்து இல்ல” என்று புத்தகத்தை மூடினார். “நாளைக்குக் காலையில ஆஃபீஸுக்கு வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க.”

“நான் எதுக்குங்க?”

“வாங்க. அங்க பேசிக்கலாம்.”

குரலில் கோபமா, வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. தெரிந்தவர்களிடம் நின்று நின்று விடைபெற்றுக்கொண்டே அவர் படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

பெரியவள் கடைக்காரரிடம் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டு எல்லோரையும் போல வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பத்திரிகை அனுப்பியது விமர்சனத்துக்கு. இது அவளுக்கு. தலை நிமிர்ந்த சின்னவன் அவளைப் பார்த்துவிட்டான். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

“இவங்க என் அக்கா” என்றான், மாடி முழுக்கக் கேட்கிற குரலில். “ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கண்ணாடிக்காரின்னு எழுதறது இவங்கதான். இந்த வாரம் என் புத்தகம். ஒரு வரிகூட என்கிட்டக் காட்டல. கண்டிப்பா என்னைக் கிழிச்சிருப்பாங்க. எல்லாரும் வாங்கிப் படிங்க.”

வரிசை மொத்தமும் திரும்பியது. “நீங்களா?” என்றாள் நர்ஸ். “நைட் டியூட்டி நர்ஸ் கதைக்கு எழுதினீங்களே, அதை வெட்டி எங்க வார்டுல ஒட்டி வச்சிருக்கோம்!”

“சமையல் குறிப்பெல்லாம் இல்ல” என்று அம்மா யாரும் கேட்காமலே எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தாள். “என் பொண்ணு விமர்சகி. பெரியவங்க படிக்கற மங்காவுக்கு!”

பெரியவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆனால் தலையைக் குனியவும் தோன்றவில்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பஸ் ஓட்டுநர், கையிலிருந்த மூன்றாம் பாகத்தைக் காட்டிச் சந்தேகத்தோடு கேட்டார்.

“இதை மட்டும்தாங்க வாங்கியிருக்கேன். எழுதறவங்க நீங்களே சொல்லுங்க. முதல் ரெண்டு பாகத்தையும் வாங்கலாமா, வேண்டாமா?”

“தாராளமா வாங்குங்க” என்றாள் பெரியவள். “பேனாவையும் பக்கத்துல வச்சுக்கங்க.”

சிரிப்பு மாடி முழுக்கப் பரவியது. படிக்கட்டில் இரண்டு படி இறங்கியிருந்த பதிப்பாளர் நின்று திரும்பிப் பார்த்தார். அவரும் சிரித்தாரா இல்லையா என்று அந்தத் தூரத்திலிருந்து பெரியவளால் சொல்ல முடியவில்லை.